மாட்டுக் கொட்டகைத் திருவிழா

1

நம் கோவில் திருவிழாவுக்கு சீரியல் லைட்டும் சவுண்டு செட்டும் போடுகிற தனசேகரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரகடத்தில் அவனும் நானும் ஒரே கம்பெனியில், ஒரே பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தோம். சேரப்பணஞ்சேரியில் பக்கத்துப் பக்கத்து வீடு. போன வாரம் வீடியோ காலில் வந்தான்.

"டேய் தாசு, இன்னாடா பண்ணிகினு கீற?"

"துணி மடிச்சிகினு கீறேன்."

"ஏரோப்ளேன் ஏறிப் போயி துணி மடிக்கிற. சரி வுடு. திருவிழா மலருல ஒரு பக்கம் காலியா கீது. விளம்பரம் தரேன்னு சொன்ன நகைக்கடைக்காரன் கடைசி நேரத்துல கைய விரிச்சிட்டான். ஃபாதர் இன்னா சொல்றாருன்னா, ஃபாரின்ல கீற நம்ம பங்கு ஆளு எவனாவது அங்கத்திய வாழ்க்கைய பத்தி எழுதட்டும்னு. நான் உன் பேர சொல்லிட்டேன்."

"எனக்கு இன்னாடா எழுதத் தெரியும்? ஐடிஐ படிச்சவன்."

"ஷிஃப்ட் ரிப்போர்ட்டே நாலு பக்கத்துக்கு நீட்டுவியே. சூப்பர்வைசர் படிச்சிட்டு அழுவாரு. எழுதி போட்டோ புடிச்சி அனுப்பு. எட்டு விரலால டைப் அடிக்கறது என் பொறுப்பு."

"எதைப் பத்தி எழுதறது?"

"திருவிழா மலருடா. திருவிழாவ பத்தி எழுதேன்."

நான் இருப்பது அயர்லாந்து நாட்டின் நடுவில் ஒரு சிறிய டவுன். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இங்கே தேர் கிடையாது, கொடியேற்றம் கிடையாது, சப்பரம் கிடையாது. இந்த வருடம் நான் போன திருவிழா ஒன்றே ஒன்றுதான். அது ஒரு மாட்டுக் கொட்டகையில் நடந்தது. அதில் எந்தப் புனிதரும் இல்லை. பரவாயில்லை என்றால் அதையே எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் தனசேகர் எழுத்தைச் சின்னதாக்கிக்கொள்ளட்டும்.

2

என் மனைவி ராணி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள்தான் முதலில் வந்தாள். பதினான்கு மாதம் கழித்து நானும் மகள் அமலியும் வந்து சேர்ந்தோம். நான் ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் இருக்கிறேன். காலை ஏழு மணிக்குப் போனால் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு. மெஷின் சுற்றுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. முதல் மாதம் அந்த அமைதியில் எனக்குக் காது வலித்தது என்றால் நம்பமாட்டீர்கள்.

பேச்சு புரிய இரண்டு வருடம் ஆனது. இங்கே எதைக் கொடுத்தாலும் "கிராண்ட்" என்பார்கள். நான் போட்ட டீயைக் குடித்துவிட்டு அப்படிச் சொன்னார்கள். நம் டீ இவ்வளவு பிடித்துவிட்டதே என்று தினமும் எல்லாருக்கும் நானே போட்டேன். நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அதற்கு "பரவாயில்லை" என்று அர்த்தம். இருந்தாலும் டீ போடுவதை நிறுத்தவில்லை. பழகிவிட்டது.

ஞாயிறு பூசைக்கு முப்பது பேர் வருவார்கள். எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். பாட்டு கிடையாது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அமலி பன்னிரண்டு வயது வரை பீடத்தில் பூசை உதவி செய்தாள். பிறகு ஒரு ஞாயிறு தலைவலி, ஒரு ஞாயிறு பரீட்சை, அப்புறம் காரணம் சொல்வதையே விட்டுவிட்டாள். தமிழும் அப்படித்தான் போனது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நடுநடுவே "அப்பா" மட்டும் தமிழில் இருக்கும். அது போதும் என்று இருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் டிரம்ஸ் கற்றுக்கொண்டாள். தோழிகள் மூன்று பேரோடு ஒரு குழு ஆரம்பித்தாள். அந்தச் சங்கீதத்துக்கு ஹார்ட்கோர் என்று பெயர். ஒரு பாட்டு ஒன்றரை நிமிடம். பாடுகிற பெண் பாடுவதில்லை, கத்துகிறாள். அமலியின் போனில் அதை முதல்முறை கேட்டபோது, யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று மாடிக்கு ஓடினேன்.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதாவிட்டால் மீதி உங்களுக்குப் புரியாது.

பெரிய வெள்ளிக்கிழமை. நம் ஊரில் அன்றைக்குக் கோவில் மணியைக்கூட அடிக்கமாட்டோம், மரக்கட்டையைத்தான் தட்டுவோம். இங்கே கோவிலில் சிலுவையை முத்தி செய்துவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன், மாடியில் அமலி ரப்பர் பலகையில் டமடமவென்று அடித்துப் பழகிக்கொண்டிருக்கிறாள். மேலே போனேன். அவள் கையில் இருந்த குச்சிகளை வாங்கினேன். முழங்காலில் வைத்து, ஒன்றை உடைத்தேன். பிறகு இன்னொன்றையும் உடைத்தேன்.

அவள் அழவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து என்னிடம் "ஓகே", "ஃபைன்", "நோ தேங்க்ஸ்". அப்பா என்கிற வார்த்தையும் நின்றுபோனது. புதுக் குச்சி அவளே வாங்கிக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் கோவிலில் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். வயதான சாமியார். எல்லாம் கேட்டுவிட்டு, "இதைக் கடவுளிடம் சொல்லிவிட்டாய். அந்தப் பெண்ணிடம் சொன்னாயா?" என்றார். இல்லை என்றேன். "போய்ச் சொல். அதுதான் உனக்குத் தண்டனை செபம்" என்றார். வேறு எதுவும் கொடுக்கவில்லை. பத்து அருள்நிறை மரியே என்றிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பேன். இது ஆகஸ்டு வரை முடியவில்லை. சாப்பாட்டு மேஜையில் சொல்லலாம் என்று வாயைத் திறப்பேன், "உப்பு எடும்மா" என்று வரும். செப்டம்பரில் அவள் கல்லூரிக்கு வேறு ஊர் போகிறாள். நாள் குறைந்துகொண்டே வந்தது.

3

எங்கள் டவுனில் இருந்து முக்கால் மணி நேரம் கார் ஓட்டினால் ஒரு மாட்டுப் பண்ணை. அங்கே இந்தச் சங்கீதக்காரர்கள் வருடத்துக்கு ஒரு நாள் கூடுகிறார்கள். பேப்பரில் விளம்பரம் வராது, வாய்ச்சொல்தான். அமலியின் குழுவுக்கு அங்கே இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்கள் பெற்றோரோடு வரவேண்டும், பெற்றோர் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும். மற்ற மூன்று பெண்களுக்கும் வயது ஆகிவிட்டது. அமலிக்கு மட்டும் இரண்டு மாதம் பாக்கி. ராணிக்கு அன்று டியூட்டி.

"நீங்க போங்க," என்றாள் ராணி.

"நானா? அங்கெல்லாம் கழுத்து வரைக்கும் பச்சை குத்திகினு, கருப்பு சட்டை போட்டுகினு இருப்பானுங்க."

"தனசேகர் அண்ணன் வருஷா வருஷம் மலைக்கு மாலை போட்டா ஒரு மண்டலம் கருப்பு சட்டை தான். அவர் வூட்ல நீங்க சாப்பிடலயா?"

போகிறேன் என்றேன்.

அமலி என்னிடம் சொன்னது ஒன்றுதான், அதுவும் இங்கிலீஷில்: "கையெழுத்துப் போட்டால் போதும். நீங்கள் காரிலேயே இருக்கலாம்."

ஆனால் ஒரு வயல்வெளியில் நூறு பேர் கூடுகிற இடத்துக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது? அது மட்டும் என்னால் முடியவில்லை. காலையில் எழுந்து ஒரு பெரிய பாத்திரத்தில் கோழி பிரியாணி போட்டேன். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் ராணி ஒரு பாத்திரம் எலுமிச்சை சாதம் கிளறிக் கொடுத்தாள். அமலி கார் டிக்கியைத் திறந்தவள், இரண்டு பாத்திரத்தையும் பார்த்தாள், டிரம்ஸைப் பார்த்தாள், டிக்கியை மூடினாள். டிரம்ஸில் பாதியைப் பின் சீட்டில் வைத்து சீட் பெல்ட் போட்டாள். வழி முழுக்கக் காதில் ஹெட்போன்.

பண்ணை வாசலில் மேஜை போட்டு ஒரு பெண், மூக்கில் வளையம். படிவத்தை வாங்கிப் பெயர்களைப் படித்தாள். மகளின் குடும்பப் பெயர் ஆரோக்கியதாஸ். என் குடும்பப் பெயர் சவரிமுத்து. ஒன்பது வருடமாக எல்லா அலுவலகத்திலும் இதே பாடுதான். நமக்குக் குடும்பப் பெயரே இல்லை, அப்பா பெயர்தான் என்று கவுண்டர் கவுண்டராகச் சொல்லிப் பார்த்தாயிற்று. குடியிருப்பு கார்டு புதுப்பிக்கப் போன இடத்தில் ஒரு அதிகாரி, "மூன்று பேர் மூன்று பெயரில் இருக்கிறீர்களே, ஒரே வீடுதானே?" என்று கேட்டிருக்கிறார். அதனால் எங்கே போனாலும் என்னோடு ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வரும்.

அவள் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே ஃபைலைத் திறந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் வாங்கிய பிறப்புச் சான்றிதழ். அதன் மொழிபெயர்ப்பு. எங்கள் திருமணச் சான்றிதழ். அமலியின் ஞானஸ்நானச் சான்றிதழ், நம் கோவில் முத்திரையோடு.

அந்தப் பெண் ஒவ்வொன்றாக மரியாதையோடு பார்த்தாள். "இங்கே இதுவரை யாரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கொண்டு வந்ததில்லை," என்றாள். பிறகு, "கிராண்ட்."

அமலியின் காது சிவந்துவிட்டது. ஆனால் உதட்டோரம் ஏதோ அசைந்ததைப் பார்த்தேன்.

அடுத்து அந்தப் பெண் கருப்பு மார்க்கரை எடுத்து அமலியின் இரண்டு புறங்கையிலும் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். இது ஏதோ சாத்தான் குறி என்று நினைத்தேன். சுற்றிப் பார்த்தால் பெரிய ஆட்கள் சிலர் கையிலும் அதே குறி. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன்.

அதைப் பார்த்துவிட்டு ஒருவர் பக்கத்தில் வந்தார். மொட்டைத் தலை, கழுத்து முழுக்கப் பச்சை. விழாவை நடத்துகிறவர் அவர்தான், பண்ணை அவர் அப்பாவுடையது. பெயர் கீரன். நம் ஊர்ப் பெயர் மாதிரியே இருந்ததால் கொஞ்சம் தைரியம் வந்தது. இது என்ன குறி என்று கேட்டேன்.

"வயது ஆகாதவர்களுக்கு யாரும் பீர் கொடுத்துவிடக்கூடாது என்று போடுவது," என்றார். தன் கையைக் காட்டினார். "இது நானாகப் போட்டுக்கொண்டது. நான் பதினோரு வருடமாகக் குடிப்பதில்லை."

"எங்கள் டவுன் கோவிலில் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்து சட்டையில் சின்னம் குத்திக்கொண்ட பெரியவர்கள் இருக்கிறார்களே, அந்த மாதிரியா?"

அவர் சிரித்தார். "என் தாத்தா சட்டையில் குத்தியிருந்தார். என் உடம்பில் சட்டை நிற்பதில்லை, அதனால் கையில்."

அவரிடம் பாத்திரங்களைத் திறந்து காட்டினேன். வாசனைக்கே பத்துப் பேர் வந்துவிட்டார்கள். வந்தவர்கள், இறைச்சி இருக்கிறதா, பால் இருக்கிறதா, முட்டை இருக்கிறதா என்று கேட்டார்கள். அங்கே முக்கால்வாசிப் பேர் அதெல்லாம் தொடமாட்டார்களாம். ஆகஸ்டு மாதத்தில் இதென்ன தவக்காலம் என்று எனக்குப் புரியவில்லை. எலுமிச்சை சாதம் கால் மணி நேரத்தில் காலி. என் கோழி பிரியாணி அப்படியே இருந்தது. கடைசியில் கீரனின் அப்பா, டிராக்டர் ஓட்டும்போது போடுகிற காதுக் கவசத்தோடு வந்தவர், இரண்டு தட்டு சாப்பிட்டார். மூன்றாவது தட்டை வீட்டுக்காரம்மாவுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குள் அமலி சாமான்களை இறக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டாள். அவள் சொன்னபடி நான் காருக்குள் உட்கார்ந்து செபமாலையை எடுத்தேன்.

4

செபமாலையின் இரண்டாவது பத்து மணிகளைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது உள்ளே முதல் குழு ஆரம்பித்தது.

கார் கண்ணாடி அதிர்ந்தது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. டம், டம், டம், டம். தகரக் கூரை அதற்குப் பின்பாட்டு. நான் செபமாலையை நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஒரகடத்தில் எங்கள் பிரஸ் ஷாப்பில் கார் கதவுக்குத் தகடு அடிக்கிற நானூறு டன் மெஷின் போடுகிற சத்தம் அது. கண்ணை மூடினால் ஆயில் வாசனை வந்தது.

ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட் பார்த்த எல்லாருக்கும் தெரியும், பிரஸ் ஷாப்பில் வாயால் பேச முடியாது. எல்லாம் கைதான். முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. உள்ளங்கையில் விரலைத் தட்டினால் டீ. தலையில் கை வைத்தால் சூப்பர்வைசர் வருகிறார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. ஒரு மெஷினுக்கு நான்கு பேர். தகட்டை உள்ளே வைத்ததும் நான்கு பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கவேண்டும். என் கை வெளியே இருக்கிறது என்று அர்த்தம். எட்டுக் கையையும் பார்த்த பிறகுதான் பட்டன்காரர் பட்டனை அமுக்குவார். டம்.

ராணி இந்த ஊருக்கு வந்து இரண்டாவது மாதம், ஒரகடத்தில் நாங்கள் ஓடி ஓடித் தகடு அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பட்டனில் புதிதாக வந்த ஒருவர் இருந்தார். ஏழு கையைப் பார்த்துவிட்டு எட்டு என்று நினைத்துவிட்டார். தனசேகரின் வலது கை மேலே இருந்தது. இடது கை கோணிப்போன தகட்டை நேராக்கிக்கொண்டிருந்தது. எதிரே நின்ற நான் பார்த்துவிட்டேன். முஷ்டியைத் தூக்கினேன். பட்டன்காரர் என் பக்கம் பார்க்கவில்லை.

தனசேகருக்கு இரண்டு விரல் போனது இப்படித்தான். இதை அவனே மேடையில் மைக் டெஸ்டிங் சொல்லும்போது "ஒன், டூ, த்ரீ... எட்டோட நிறுத்திக்கிறேன்" என்று சொல்லிச் சிரிக்க வைப்பான். நான் சிரித்ததில்லை.

அப்போது அமலிக்கு ஏழு வயது. நான் ஷிஃப்டுக்குப் போனால் தனசேகர் வீட்டில்தான் இருப்பாள், அவன் மனைவி உமா பார்த்துக்கொள்வாள். கட்டோடு வீடு வந்த தனசேகரைப் பார்த்த நாளில் இருந்து பிள்ளை ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது உமா வீட்டு வாசலில் வந்து நிற்பாள். நான் இரண்டு கையையும் தூக்கவேண்டும். அவளும் தூக்குவாள். நான் காலால் தரையில் ஓங்கி மிதிப்பேன், டம். பிறகுதான் போகவிடுவாள். பிரஸ் ஷாப்பின் மற்ற சைகைகளும் அவளுக்கு அத்துப்படி. திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கையை நீட்டவேண்டும். ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணுவாள். எண்ணி முடித்துவிட்டு உமா பேசுகிற மாதிரியே, "பத்தும் கீது," என்பாள். ராணி போனில் கேட்டுவிட்டு, "கீது இல்லடி, இருக்கு," என்று திருத்துவாள். மறுநாளும் பத்தும் கீதுதான்.

ஒரு வருடம், ஒரு நாள் விடாமல். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட அந்த மழையில், முழங்கால் தண்ணீரில் நடந்து வீடு வந்த நாளில்கூட எண்ணிவிட்டுத்தான் துண்டு கொடுத்தாள். அயர்லாந்து வந்த பிறகும், துணி மடித்துவிட்டு வருகிற கையைக் கொஞ்ச நாள் எண்ணினாள். எந்த நாளில் நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. நான் கவனிக்கவில்லை.

அந்தக் கைகளால்தான் அவள் குச்சியை உடைத்தேன். காருக்குள் உட்கார்ந்து அன்றைக்குத்தான் அதை யோசித்தேன்.

5

கதவைத் திறந்துகொண்டு கொட்டகைக்குப் போனேன்.

வாசலில் ஒரு பெட்டியில் மஞ்சள் நிறத்தில் காதடைப்பான். அதே பஞ்சு, கம்பெனியில் கொடுப்பார்களே, அதுவேதான். விரலில் உருட்டி ஊசி மாதிரி ஆக்கி, இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு, பத்து எண்ணும்வரை பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் பாதி வெளியே தொங்கத் தொங்கப் போட்டிருந்தார்கள். மனசு கேட்கவில்லை. ஒருவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவன் நண்பனை அழைத்து வந்தான். கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்று காதை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே மேடை இல்லை. சிமெண்டுத் தரையின் ஒரு ஓரத்தில் குழு, சுற்றி ஒரு எழுபது பேர். பாட்டு ஆரம்பித்ததும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சுற்றினார்கள். சண்டை என்றே நினைத்தேன். ஒரு ஒல்லிப் பெண் வழுக்கிக் கீழே விழுந்தாள். ஐயோ என்று நான் ஓர் அடி வைப்பதற்குள் நான்கைந்து கைகள் அவளைத் தூக்கி நிறுத்திவிட்டன. ஒருவன் கையை உயர்த்தி ஒற்றைச் செருப்பைக் காட்டினான், யாருடையது என்று. அவள் வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடியும் உள்ளே போனாள். தேர் இழுக்கும்போது கூட்டத்தில் விழுந்தவனை நாமும் இப்படித்தான் தூக்குவோம்.

(இதையெல்லாம் பிறகு தனசேகரிடம் சொன்னபோது அவன் கேட்ட ஒரே கேள்வி, "எவ்ளோ வாட்ஸ்டா செட்டு?" தெரியாது என்றேன். "இத கூட பாக்காம நீ இன்னாத்துக்குடா போன?" என்றான்.)

அமலியின் குழுவை அழைத்தார்கள். நான் பக்கவாட்டுச் சுவரோரம், ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் காரில் இருப்பதாக நினைத்திருப்பாள்.

அவள் அடித்தாள்.

என்ன சொல்வது? வீட்டில் தட்டைக் கழுவச் சொன்னால் மெதுவாகக் கழுவுகிற பிள்ளை. இங்கே தலைமுடி முகத்தில் ஒட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையும் இரண்டு காலும் நாலு வேலை செய்ய, ஒரு அடிகூடத் தவறாமல் அடித்தாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஒரு மெஷின் சீராக ஓடுகிறதா இல்லையா என்பது காதால் தெரியும். சீராக ஓடியது.

இரண்டு பாட்டு முடிந்தது. தரை சிமெண்டு என்பதால் காலால் அடிக்கிற பெரிய டிரம் ஒவ்வொரு அடிக்கும் நகர்ந்து, ஓர் அடி முன்னால் போய்விட்டது. கீரன் ஒரு சிமெண்டுக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, குனிந்து, டிரம்முக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாடுகிற பெண் அதைக் கவனிக்காமல் அடுத்த பாட்டுக்கு எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஒன், டூ. அமலியின் குச்சிகள் மேலே போய்விட்டன. கால் பெடலில். கீரனின் விரல்கள் கல்லுக்கும் டிரம்முக்கும் நடுவில்.

விரல் போகிற இடம் இல்லை அது. கொஞ்சம் நசுங்கியிருக்கும், அவ்வளவுதான். இப்போது எனக்குத் தெரிகிறது. ஆனால் என் கை என்னைக் கேட்டுவிட்டு எழும்பவில்லை. முஷ்டி மேலே போய்விட்டது.

எழுபது தலைக்கு மேலே அமலி அதைப் பார்த்தாள்.

கால் அப்படியே நின்றது. குச்சிகள் காற்றில் நின்றன. பாடுகிற பெண் என்ன ஆச்சு என்று திரும்பினாள். கீரன் கல்லைத் தள்ளிவிட்டு, எழுந்து, கட்டை விரலைக் காட்டினார், சரி ஆரம்பி என்று. அமலி ஆரம்பிக்கவில்லை. என்னையே பார்த்தாள். என் சலவை செய்த முழுக்கைச் சட்டை, காதில் மஞ்சள் பஞ்சு, முஷ்டியில் இருந்து தொங்குகிற செபமாலை, எல்லாவற்றையும் பார்த்தாள்.

பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். முழங்கை மடங்காமல், உமா வீட்டு வாசலில் நின்று தூக்குகிற அதே மாதிரி. பெருக்கல் குறி இரண்டும் என் பக்கம் தெரிந்தன.

நானும் இரண்டு கையையும் தூக்கினேன்.

அவள் பார்க்கிற பக்கம் எல்லாரும் திரும்பினார்கள். கீரனுக்கு என்ன புரிந்ததோ, அவரும் தூக்கினார். அவர் பக்கத்தில் இருந்தவன் தூக்கினான். காதடைப்பான் பிள்ளைகள் தூக்கினார்கள். இது பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் கொட்டகையில் இருந்த அத்தனை கைகளும் மேலே போயின. கீரனின் அப்பா மட்டும் ஒரு கையைத்தான் தூக்கினார், இன்னொன்றில் நாலாவது தட்டு பிரியாணி. அமலி அவரைப் பார்த்துக் காத்திருந்தாள். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டையும் தூக்கினார்.

நான் காலால் தரையை ஓங்கி மிதித்தேன்.

அந்தச் சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது. அவளுக்குத் தெரிந்தது. டம் என்று இறங்கினாள்.

6

எல்லாம் முடிந்து சாமான்களை ஏற்றும்போது மணி ஏழு. இங்கே ஆகஸ்டில் அது நல்ல வெயில் நேரம். மற்ற மூன்று பெண்களும் வேறு காரில் போனார்கள். அமலி முன் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொள்ளவில்லை.

நான் வண்டியை எடுக்கவில்லை. நாலு மாதமாகக் கட்டி வைத்திருந்த வாக்கியம் இங்கிலீஷில் இருந்தது, அவளுக்குப் புரியவேண்டும் என்று. வாயைத் திறந்தபோது அது ஒன்றும் வரவில்லை.

"அமலி. பெரிய வெள்ளி அன்னிக்கி அப்பா உன் குச்சிய ஒடச்சது தப்பும்மா. என்னை மன்னிச்சிடு."

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடுகளைக் கொட்டகைக்குத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். கீரனின் அப்பா எங்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

"அப்பா," என்றாள்.

திரும்பினேன். இரண்டு கையையும் என் முன்னால் நீட்டியிருந்தாள். பெருக்கல் குறி வேர்வையில் கலங்கி மணிக்கட்டு வரை ஒழுகியிருந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொப்புளம் உடைந்து தோல் உரிந்து கிடந்தது.

"எண்ணுங்கப்பா."

பிடித்துக்கொண்டேன். ஒவ்வொன்றாகத் தொட்டேன். "ஒண்ணு. ரெண்டு. மூணு." புண் பட்ட இடத்தில் மெதுவாக. "ஏழு. எட்டு."

எட்டில் நிறுத்திவிட்டேன்.

"ஒம்பது," என்றாள் அவள். நாக்கு அந்த வார்த்தையைத் தேடித்தான் பிடித்தது. கடைசி விரலை அவளே என் உள்ளங்கையில் வைத்தாள். "பத்து."

பிறகு உமா பேசுகிற மாதிரியே,

"பத்தும் கீது," என்றாள்.